ஒமரின் பச்சைச் சட்டை

பைசாந்து நகரத்தில் நிபியா, முட்டிவலித் தைலத்துக்காகச் சட்டம் அனுமதிக்கும் ஆறு கஞ்சாச் செடிகளை வீட்டு அறையில் வளர்த்தாள். அவற்றில் சிலந்திப்பேன் பிடித்துவிட்டது. தம்பி ஒமர் தன் தோட்டத்தில் வேலை செய்த சட்டையோடு நேராக உள்ளே நுழைந்ததுதான் காரணம்.

"சட்டைய மாத்தாம செடிகிட்ட வராதன்னு எத்தனை தடவடா சொல்றது? கழட்டு!"

"வெறும் உடம்போட போனா நாய் துரத்தும்க்கா."

"துரத்தட்டும்!"

அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனதும் ஐந்து செடிகளின் இலைகளைச் சோப்புத் தண்ணீரால் அடிப்புறம் வரை கழுவினாள். நூலாம்படை மூடிய ஆறாவதை வேரோடு பிடுங்கி, அந்தப் பச்சைச் சட்டையோடு இறைச்சி சுடும் அடுப்பில் எரித்தாள். அறையைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒமர் மாத்தே மூலிகைத் தேநீர் குடித்துக்கொண்டே வந்தான். அதே சட்டை போட்டிருந்தான்.

"இது ஏதுடா?"

"எங்க வீட்டுக் கொடியில காஞ்சுது. நீதான் துவைச்சுப் போட்டேன்னு நெனச்சேன்."

"எரிச்சத எவடா துவைப்பா?"

திட்டிக்கொண்டே பூட்டைத் திறந்தாள். ஆறாவது தொட்டியில், அவள் பிடுங்கி எரித்த செடி நின்றது. இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பேன்கூட இல்லை.

அவளுக்குப் பின்னால் ஒமர், காலருக்குள் கைவிட்டுக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான்.