ஒரு கிழமை லீவு

தேவகுமாரி இரண்டு கைகளாலும் நண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

காலைக் கடித்து உடைத்து, உள்ளே இருந்த சதையை உறிஞ்சினாள். குழம்பு முழங்கை வரை வழிந்தது. துடைக்கவில்லை.

நண்டு சாப்பிட இரண்டு கையும் வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டிவிட்டுக்கொண்டு அதைச் சாப்பிட முடியாது. அதனால் இந்த வீட்டில் நண்டு சமைத்துப் பல வருடங்களாகிவிட்டன.

அவளுடைய கணவர் நதானியேல் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவருக்கு மறதி நோய். முதலில் சாப்பிட்டதை மறந்தார். பிறகு எப்படிச் சாப்பிடுவது என்பதையே மறந்தார். சோற்றையும் பருப்பையும் மசித்து, முள் எடுத்த மீனைப் பிசைந்து, வாய் வாயாக அவள்தான் ஊட்டுவாள். உறைப்பு இல்லை, புளி இல்லை. மிச்சத்தை நின்றபடியே தானும் விழுங்கிவிட்டுக் கோப்பையைக் கழுவுவாள்.

போன மாதம் கனடாவிலிருந்து வந்த மகன் ஜெயசுதன், தாயைக் கண்டதும் பயந்துபோனான்.

"அம்மா, நீங்கள் ஒரு கிழமையாவது லீவு எடுக்கோணும். இல்லாட்டி அப்பாவுக்கு முதல் நீங்கள் விழுந்திடுவியள்."

லீவு. படிப்பித்த பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் கேள்விப்படாத சொல்.

யாழ்ப்பாணத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லமொன்றில் ஒரு வாரத்துக்கு எல்லாம் கதைத்து ஒழுங்குசெய்துவிட்டே அவன் விமானம் ஏறினான். அவள்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டாள். நதானியேல் அடம்பிடிக்கவில்லை. யாரோ கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போக, நல்ல பிள்ளையாகப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாள். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது போலிருக்கும். எழுந்து கேற்றடிக்கு ஓடுவாள். கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏன் வந்தேன் என்று யோசிப்பாள். திரும்பி வந்து படுப்பாள்.

மறுநாள், குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஆறுதலாகக் குளித்தாள். அதுவும் பல வருடங்களுக்குப் பிறகுதான்.

இன்று காலை, மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஏரம்பு வாசலில் ஹோர்ன் அடித்தார். அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து நண்டைக் காட்டினாள்.

"நண்டோ ரீச்சர்? ஐயாவுக்கு ஒத்துக்கொள்ளுமோ?"

"ஐயா இல்லை. எனக்குத்தான்."

ஏரம்பு தராசைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"எப்ப, ரீச்சர்?"

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சீச்சீ, அப்பிடி இல்லை. யாழ்ப்பாணத்திலை ஒரு இடத்திலை விட்டிருக்கிறம். ஞாயிற்றுக்கிழமை வந்திடுவார்."

அவர் வெட்கப்பட்டு, நல்ல நண்டாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போனார். அவள் சட்டியும் கையுமாக அங்கேயே நின்றாள். அவர் அப்படிக் கேட்டபோது தன் நெஞ்சு திடுக்கிடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தாள். கத்தி மேசைமேலேயே கிடந்தது. மற்ற நாட்களில் அது அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். காஸ் அடுப்பின் திருகைக்கூடக் கழற்றி ஒளித்துத்தான் வைப்பாள். இப்போது எதையும் ஒளிக்கத் தேவையில்லை. மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டாள். பழப்புளியைக் கரைத்து விட்டாள். நண்டு சிவந்து வந்ததும் தேங்காயின் முதற்பாலை ஊற்றி, இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போட்டாள்.

ருசி பார்க்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல உறைப்பு.

சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். நாளைக்குக் கணவாய் மீன் கிடைத்தால் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நினைக்கக்கூடாது.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. இல்லத்தின் இலக்கம். கையெல்லாம் குழம்பு. மடக்கிய விரலின் முட்டியால் அழுத்தி, ஸ்பீக்கரில் விட்டாள்.

"ரீச்சர், நான் இல்லத்திலையிருந்து நிமலினி கதைக்கிறன். பயப்பிடாதேங்கோ, ஐயா நல்லா இருக்கிறார். மத்தியானம் வடிவாச் சாப்பிட்டவர்."

தேவகுமாரி குழம்புக் கையோடு தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தாள்.

"ஒரு சந்தோசமான விசயம் சொல்லத்தான் எடுத்தனான். இஞ்சை புதுசா வந்த நேர்ஸ் பிள்ளை ஒண்டு, ஆரபி எண்டு. அவளைக் கண்டால் ஐயா 'குமாரி, குமாரி' எண்டு கூப்பிடுறார். அவள் ஊட்டினால்தான் வாயைத் திறக்கிறார். நீங்கள் எண்டு நினைக்கிறார் போலை, பாவம். வீட்டிலையும் உங்களை அப்பிடித்தானோ கூப்பிடுறவர்?"

தேவகுமாரி கோப்பையில் கிடந்த நண்டுக் காலைப் பார்த்தாள்.

"ரீச்சர்?"

"ஓம்" என்றாள். "அப்பிடித்தான்."

பிறகு சொன்னாள்: "அந்தப் பிள்ளையிட்டை ஒண்டு சொல்லுங்கோ. அவர் அப்பிடிக் கூப்பிடேக்கை, 'என்னப்பா' எண்டு கேக்கச் சொல்லுங்கோ. நான் அப்பிடித்தான் கேக்கிறனான்."

நிமலினி சிரித்தாள். கட்டாயம் சொல்வதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

வீட்டில் நதானியேல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. சம்பளத்துக்கு வந்து தன்னைப் பார்த்துக்கொள்ளும் தாதி என்றுதான் அவளை நினைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் தாதிமாரைக் கூப்பிடுவது போல 'மிஸ்ஸி' என்பார். எப்போதும் மரியாதையாகவே பேசுவார். பொழுதுபடும் நேரத்தில் மட்டும் வாசலைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், கவலையோடு கேட்பார்:

"மிஸ்ஸி, இருட்டப்போகுது. இன்னும் வீட்டை போகேல்லையோ? உங்கடை மனுசன் தேடப்போறார்."