பாதத்தோடு பாதம்

செய்ல்கானின் பழைய மட்டக்கருவியின் தொலைநோக்கிக்குள் உலகம் தலைகீழாகத்தான் தெரியும். மேலே தரை, கீழே வானம். கரகண்டா நகரத்தின் ஓரத்தில், மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் மேல் இருக்கும் இந்தத் தெரு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மாதாமாதம் அளப்பது அவன் வேலை. தெரு ஏறியதாகச் சரித்திரமே இல்லை.

அன்று பள்ளிக்கூட வாசலில் உதவியாளன் ஒராஸ்பெக் அளவுகோலைப் பிடித்து நின்றான். கணக்கு இரண்டு மில்லிமீட்டர் ஏற்றம் காட்டியது.

"கோலை நேராப் பிடிடா! காலைலயே குமிஸ் குடிச்சு போதை ஏறிடுச்சா?"

"நேராத்தாண்ணே இருக்கு. அடியில யாரோ உந்துற மாதிரி இருக்கு."

செய்ல்கான் மறுபடி கண்ணை வைத்தான். ஒராஸ்பெக் வழக்கம்போலத் தலைகீழாகத் தொங்கினான். தரைக்கு அந்தப்புறம், அவன் பாதத்தோடு பாதம் பதித்து, இன்னொருவர் நேராக நின்றார். நெற்றியில் சுரங்க விளக்கு எரிந்தது.

கண்ணை எடுத்தால் வெறும் தெரு.

"நீ வந்து பாரு" என்று செய்ல்கான் இடம் மாறிக்கொண்டான். கோலோடு நின்றதும் உள்ளங்காலில் சூடு ஏறியது.

ஒராஸ்பெக் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. தீப்பிடித்த சுரங்கத்தின் வாயை அடைத்தபோது உள்ளேயே தங்கிவிட்டவர்களில் அவன் அப்பாவும் ஒருவர்.

"அண்ணே, அசையாதீங்க. உங்களுக்கு அடியில எங்கப்பா. பள்ளிக்கூடத்துக்கு அடியிலயும் வரிசையா நிக்கிறாங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் தடதடவென்று வெளியே ஓடி வந்தார்கள்.

ஒராஸ்பெக் அலறினான்.

"அண்ணே, அவங்களும் ஓடுறாங்க!"