வெறும் நாடா

நகரியில் பிற்பகல் வெயில் ஓட்டு இடுக்கு வழியாகத் தறிமேல் விழுகிறது. மாமியார் ரத்தினம்மாவின் காதில் விழாமல் தாட்சாயணி புருஷனோடு பேசுவதெல்லாம் இந்தத் தறிச் சத்தத்தின் மறைவில்தான். ராட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்கிறாள்: “ஏங்க, நாம பாத்த படம் முழுக்க அந்தப் பையனும் பொண்ணும் பேசிக்கினே இருந்தாங்க. கடைசியில அவ ரயிலேறிப் பூட்டாளே, ரெண்டாம் பாகத்துல திரும்பி வருவாளா?”

“வருவா, வருவா,” என்கிறான் வேதாச்சலம், மிதியை மிதித்து, ஊடைநூல் நாடாவை இங்குமங்கும் ஓட்டியபடி. “ரெண்டாம் பாகம் திருத்தணி சினிமாக் கொட்டாயில வந்துகீது.”

“திருத்தணி இப்போ மெட்ராஸ் ராஜ்யமாச்சே, நாம ஆந்திராவுலகீறோம். அத்தை உடுவாங்களா?”

இருவரும் சிரிக்கிறார்கள். தறி தடதடக்கிறது.

“டேய், நூலு தீந்து எந்நேரமாச்சு! வெறும் நாடாவ ஓட்டிக்கினுகிறியே!” அடுப்படியிலிருந்து ரத்தினம்மாவின் குரல். தறி சட்டென்று நிற்கிறது. தாட்சாயணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

“மூணு டிக்கெட்டா எடு. அந்தப் பொண்ணு வருவாளா இல்லியான்னு எனக்கும் தெரியணும்,” என்கிறாள் ரத்தினம்மா, அடுப்படியிலிருந்தே.