தொடாமல் எடுத்த படம்

திருப்பாதிரிப்புலியூர் வீட்டு ஜன்னல் வெயிலில் ஸ்ரீமதியின் செல்போன் மல்லாந்து கிடக்கிறது. சாவதற்குமுன் பூட்டைத் திறக்க அவள் கடைசியாக இழுத்த விரலின் எண்ணெய்த் தடம் அணைந்த கண்ணாடியில் மின்னுகிறது. அதன்மேல் இன்னொரு விரல் படக்கூடாதென்றுதான், அவள் போன் ஏற்கெனவே அனுமதித்திருந்த கம்ப்யூட்டரிலிருந்தே அதற்குக் கட்டளை தட்டும் மென்பொருளை இறக்கி, நிறுவி, காலையிலிருந்து மல்லாடுகிறான் அவள் கணவன் இளவரசு. “காரியத்துக்குப் படம் வேணும், ஃப்ரேம் கடைக்காரன் கத்துறான். கோடு போட்டா தொறந்துக்கப் போவுது. இதுக்கு இன்னா மாப்ள இவ்ளோ வித்தை?” என்று அவள் அண்ணன் தேவநாதன் கையை நீட்டுகிறான். “தொடாத மச்சான்.” நீண்ட கை அப்படியே நிற்கிறது. இளவரசு போனின் விளிம்பைப் பிடித்து ஒயரைச் செருகுகிறான். போன் விழித்துக்கொள்கிறது, அந்த வெளிச்சத்தில் தடம் காணாமல் போகிறது. இணைந்திருக்கும் கருவிகள் எவையென்று கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் கேட்கிறான். ஒரே ஒரு வரி வருகிறது, அவள் போன், பெயரில்லாமல் வெறும் எண்ணாக. அடுத்த கட்டளைக்குப் படங்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. பிச்சாவரம் படகில், பறக்கும் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஸ்ரீமதி சிரிப்பை அடக்குகிறாள். “இதான் மாப்ள, இதான்,” என்று திரையோடு முகத்தை வைத்து தேவநாதன் விம்முகிறான். இளவரசு அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. போனின் வெளிச்சம் அணைவதற்காகக் காத்திருக்கிறான்.