எழுநூறு ஷேர்

“வாடகை எவ்வளவுன்னு சொல்ல மாட்டாளாம். ஆஸ்பத்திரி கார்டை மட்டும் போட்டோ எடுத்து உடனே அனுப்பணுமாம்!”

நயினார் போனை லாட்ஜ் கட்டிலில் விட்டெறிந்தான்.

மனைவி பொன்செல்விக்கு நாளை ரேடியேஷன் ஆரம்பம். முப்பது நாள். ஆலங்குளத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தினமும் வந்து போக முடியுமா? லாட்ஜ் மாடிப்படி ஏறுவதற்குள்ளேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு மாதத்துக்கு வீடு தேடி, நாலு நாளாக பேஸ்புக்கே கதியென்று கிடந்தான். கண்ணில் பட்ட ஒரே நல்ல வீடு, ஸ்நேகா என்ற பெண் போட்டிருந்தது. கீழ்வீடு. அடுப்பு, பாத்திரம் எல்லாம் உண்டு.

“அனுப்பித்தான் பாருங்களேன்.”

“சும்மா கெட. கார்டுல உன் பேரு, அட்ரஸ், நம்பர் எல்லாம் இருக்கு. சீக்காளிய வச்சுப் பணம் பிடுங்குத கூட்டம் இது.”

ஆனாலும் மனசு கேட்காமல் மறுபடி கூப்பிட்டான்.

“சேட்டா, ஆத்யம்… முதல்ல கார்டு அனுப்புங்க, கேட்டோ,” என்றாள் ஸ்நேகா, தமிழும் மலையாளமும் கலந்து.

“வாடகையச் சொல்லும்மா மொதல்ல!”

“அது நீங்க வந்த பின்னே பறயாம்.”

போதாதா நயினாருக்கு? அவள் பெயர், நம்பர், படம் எல்லாவற்றையும் சேர்த்துத் ‘தமிழ்ச் சொந்தங்கள்’ பேஸ்புக் குரூப்பில் போட்டான். ‘நோயாளிகளைக் குறிவைக்கும் மோசடிப் பெண். ஜாக்கிரதை! எல்லோருக்கும் பகிரவும்.’

சும்மா சொல்லக்கூடாது, பிய்த்துக்கொண்டு போனது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் முறைக்காகக் காத்திருந்தபோது பார்த்தால், எழுநூறு ஷேர். ‘சபாஷ் அண்ணே’ என்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் பாராட்டு.

வீடுதான் கிடைக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் மார்த்தாண்டத்துக்காரி ஜெஸ்லின். அவள் அப்பாவுக்கு இன்றோடு வைத்தியம் முடிகிறது. பொன்செல்வியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“அக்கா, எங்க தங்கியிருக்கிய?”

“லாட்ஜ்லதான். வீடு ஒண்ணும் அமையல.”

“ஐயோ, நாங்க இன்னிக்கு ஒழியுத வீட்டையே உங்களுக்குக் கேட்டிருப்பேனே! வாடகையே கெடையாதுக்கா. வீட்டுக்காரப் பிள்ளைக்க அம்மாவுக்கும் இங்கதான் வைத்தியம் பாத்தாங்களாம். அப்ப வீடு கெடைக்காம ரொம்ப அலைஞ்சிருக்கு. அதனால நோயாளிக்கு மட்டும்தான் குடுக்கும்.”

நயினார் நிமிர்ந்தான். “கார்டு… கேப்பாங்களோ?”

“பின்ன? ஓசின்னு தெரிஞ்சா, பொன்முடி மலையச் சுத்திப் பாக்க வாறவன்கூட சீக்காளின்னு சொல்லிட்டு வந்துருவான்லா. அதான் கார்டைப் பாக்காம வாடகையப் பத்தி வாயத் தொறக்காது. நேத்து எவனோ ஒரு பாவி அந்தப் பிள்ளையத் திருடின்னு பேஸ்புக்ல போட்டுட்டான். கண்டவனெல்லாம் போன் போட்டுத் திட்டுதானாம். இனி யாருக்கும் வீடு கெடையாதுன்னு சொல்லி அழுவுது.”

பொன்செல்வி புருஷனைப் பார்த்தாள்.

வெட்கத்தில் நயினாருக்குக் காது சுட்டது. குரூப்பில் போட்டதைத் தேடி அழித்தான்.

“அழிச்சிட்டேன்,” என்று மனைவியிடம் முனகினான்.

பின்வரிசையில் இருந்த பெரியவர் அவன் தோளைத் தட்டித் தன் போனை நீட்டினார்.

“தம்பி, வீடு தேடுதீங்களா? இந்தப் பொம்பளகிட்ட மட்டும் மாட்டிக்கிடாதீங்க. என் மக துபாய்லேருந்து அனுப்பியிருக்கா. நான் எங்க ஊரு பூராவுக்கும் அனுப்பிட்டேன்.”