அரை மதிப்பெண்

தட்டு தரையில் விழுந்த சத்தத்தில் மூன்று நிறுவனத்தாரும் எழுந்துவிட்டார்கள். தேநீர் கொண்டுவந்த இருதயராஜ் கதவோரம் சரிந்து கிடந்தார்.

மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது பொது விதிமுறை. இயந்திரம் செய்யும் மொழிபெயர்ப்பில் எது பெரிய பிழை, எது சிறிய பிழை என்று மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வகுத்தது. இரண்டு சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் போனால் அரை மதிப்பெண் குறைத்தால் போதும் என்று பத்து நிமிடம் முன்புதான் மதிப்பீட்டாளர் சுகிர்தா வாதாடி வென்றிருந்தாள்.

"காத்துக்கெல்லாமா சார் ஃபைன் போடுவீங்க?" என்று அவள் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது அவளே முதலில் ஓடிப்போய் அவர் தலையைத் தாங்கிக்கொண்டாள். யாரோ ஆம்புலன்சுக்கு போன் செய்தார்கள். அவருடைய சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை நழுவியது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. அதைச் சுற்றியிருந்த மருத்துவமனைச் சீட்டில் ஒரே வரி அச்சாகியிருந்தது: 'ரத்த அழுத்தத்துக்கு இம்மாத்திரையை ஒருவேளை உண்ணவும்.'

அந்த வரி அவளுக்குத் தெரியும். போன மாதம் அவள் மதிப்பிட்ட இயந்திர மொழிபெயர்ப்புத் தொகுப்பில் இருந்தது. 'ஒரு' தனியாகவும் 'வேளை' தனியாகவும் இல்லாததை அன்றே கவனித்தாள். சிறு பிழை என்று குறித்து, தேர்ச்சி போட்டு அனுப்பிவிட்டாள்.

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் இருதயராஜ் கண் திறந்தார். சுகிர்தா சீட்டை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"ஏண்ணே, மாத்திரையத் தொடவே இல்லையா?"

"ஒருவேளைன்னுதானேம்மா போட்டிருக்கு. ரொம்ப முடியலைன்னா போட்டுக்கலாம்னு வச்சிருந்தேன்."