செவேலின் நாய்

செவேல் அக்காவை நினைத்தாலே ஒத்கோனுக்கு இளப்பம். மங்கோலியப் புல்வெளியில் எந்தக் கூடாரத்தை நெருங்கினாலும், "நாயைப் பிடிங்க!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் குதிரையை விட்டு இறங்குவார்கள். நாய் இல்லாத வீட்டிலும் அதுதான் மரியாதை. செவேலின் நாய் போன குளிர்காலத்தில் செத்துப்போனது. ஆனாலும் குரல் கேட்டதும் அவள் வாசலில் மண்டியிட்டு, வெறும் காற்றை இரு கையாலும் அணைத்துக்கொள்வாள். வந்தவர் உள்ளே போன பிறகுதான் எழுந்திருப்பாள்.

நோமினைப் பெண் கேட்கப் போன வழியில் ஒத்கோன் அங்கே தேநீருக்கு இறங்கினான். குரல் கொடுக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதாப்பா?"

"இல்லாத நாய்க்கு நான் ஏன் தொண்டை கிழியக் கத்தணும்? காத்தைக் கட்டிப்பிடிக்கிற பொம்பளைன்னு ஊரே சிரிக்குது அக்கா."

அவள் பால்தேநீரைக் கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தாள்.

வழியில் மேய்ந்த மான்கள் அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்து மிரண்டு ஓடின.

நோமின் வீட்டருகே, "நாயைப் பிடிங்க!" என்று பணிவாகவே குரல் கொடுத்தான். அவளுடைய அப்பா வெளியே வந்து வழிமறித்து நின்றார்.

"எங்க நாயைக் கட்டித்தான் போட்டிருக்கு. முதல்ல உன் நாயைப் பிடி தம்பி. ஆட்டுக்குட்டிங்க எல்லாம் நடுங்குது பாரு. இதையும் இழுத்துக்கிட்டா பொண்ணு கேக்க வருவாங்க?"

ஒத்கோன் திரும்பிப் பார்த்தான். புல்தான் இருந்தது. கதவோரம் நோமின் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மெல்ல மண்டியிட்டு, காற்றை இரு கையாலும் அணைத்தான்.

அது சூடாக இருந்தது.